கேள்வி கேட்டது சென்னை, விடை சொன்னது செங்கல்பட்டு

1955ஆம் ஆண்டு, சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் குழந்தைகளுக்குக் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டிருந்த வேளையில், அதைத் தாக்கி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. எழுதியவர் ராஜாஜி. அப்போது அவருக்கு வயது 76. இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் முந்தைய ஆண்டுதான் முதலமைச்சர் பதவியைவிட்டு இறங்கியவர். பி.சி.ஜி.யைத் தான் ஏன் எதிர்க்கிறேன் என்பதை அந்த நூலில் அவர் வழக்கறிஞருக்கே உரிய முறையில் வரிசைப்படுத்தியிருந்தார். நோயில்லாத குழந்தையின் உடம்பில் உயிருள்ள கிருமியை ஏற்றலாமா? அதனால் பலன் உண்டு என்பதற்குத் தீர்மானமான சான்று எங்கே? அமெரிக்கா இதை நாடு முழுவதும் ஏற்காதபோது நமக்கு மட்டும் என்ன அவசரம்? பெற்றோர் அறிந்து சம்மதித்த பிறகுதான் பள்ளியில் ஊசி போடுகிறார்களா?

மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுரும் அவருடைய மருத்துவ ஆலோசகர்களும் இதற்கு அளித்த மறுமொழியின் சாரம் ஒன்றுதான்: ஊசி பாதுகாப்பானது. உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்டாகிவிட்டது, பெரிய விபரீதம் எதுவும் இல்லை. அது உண்மையும்கூட. ஆனால் ராஜாஜி கேட்டவற்றில் பாதிக் கேள்விகளுக்குத்தான் அது பதில். பாதுகாப்பானதா என்பது ஒரு கேள்வி, பயன் தருமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்தே சொல்லிவிட்டதாக அரசு நினைத்தது. ராஜாஜியும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் அரசுக்கு வேலை சுலபமாயிற்று. இரண்டாவது கேள்விக்கு முறையான விடை கிடைக்க மேலும் 24 ஆண்டுகள் ஆயின. அந்த விடையைத் தந்தவர்கள் சென்னைக்கு மேற்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராம மக்கள்.

தடுப்பூசி பற்றிய விவாதம் என்றாலே, ஒரு பக்கம் அறிவியல், மறுபக்கம் மூடநம்பிக்கை என்று கோடு கிழித்துவிட்டுப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. பி.சி.ஜி.யின் கதையில் அந்தக் கோடு நிற்கவில்லை.

பி.சி.ஜி.யின் பெயரில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்கள்: ஆல்பெர் கால்மெத் என்ற மருத்துவர், கமீய் கெராங் என்ற கால்நடை மருத்துவர். லீல் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் 1908இல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் வளர்த்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அதைப் புது ஊடகத்துக்கு மாற்றினார்கள். இப்படியே 13 ஆண்டுகளில் ஏறக்குறைய 230 முறை. முதல் உலகப்போரின்போது லீல் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்திலும் இந்த வேலை நிற்கவில்லை. கடைசியில் கிருமி தன் வீரியத்தை இழந்தது. 1921இல் பாரிசில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாக அதை வாய்வழியாகக் கொடுத்தார்கள். தொடர்ந்து பிரான்சில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

பலன் இருக்கிறது என்று கால்மெத் வெளியிட்ட கணக்குகளை 1928இலேயே பிரிட்டிஷ் புள்ளியியலாளர் மேஜர் கிரீன்வுட் பிரித்துப்போட்டுக் காட்டினார். மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. தடுப்பு மருந்தைத் தேடி வரும் குடும்பத்தில் குழந்தைக்கு மற்றக் கவனிப்பும் கூடுதலாகவே கிடைத்திருக்கும். இறப்பு குறைந்ததற்கு மருந்து காரணமா, கவனிப்பு காரணமா என்று எப்படிப் பிரிப்பது? ராஜாஜி 1955இல் எழுப்பிய கேள்வியின் மூலவடிவம் இது. கேட்டவர் தடுப்பூசிக்கு எதிரியல்லர், தொழில்முறைக் கணக்காய்வாளர்.

இரண்டே ஆண்டுகளில் லூபெக் நிகழ்ந்தது. ஜெர்மனியில் இருக்கும் அந்த நகரத்தில் பாரிசிலிருந்து வந்த கிருமி வித்தைக் கொண்டு உள்ளூர் ஆய்வகத்தில் தடுப்பு மருந்து தயாரித்து, ஏறத்தாழ 250 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் காசநோயில் இறந்துபோனார்கள். வீரியம் குன்றாத காசநோய்க் கிருமி அதே ஆய்வகத்தில் தடுப்பு மருந்தோடு கலந்துவிட்டது விசாரணையில் தெரியவந்தது. பொறுப்பாக இருந்த மருத்துவர்கள் இருவர் சிறைத் தண்டனை பெற்றனர். பி.சி.ஜி. குற்றமற்றது என்று தீர்ப்பானாலும் லூபெக் என்ற பெயர் அதை விட்டு நீங்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்துச் சென்னையில் நடந்த விவாதத்திலும் அந்தப் பெயர் அடிபட்டது.

விடுதலை பெற்ற இந்தியா ஏன் இதை அவ்வளவு வேகமாகக் கையில் எடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் வெளியிட்ட அறிக்கைப்படி நாட்டில் 25 லட்சம் காசநோயாளிகள். ஆண்டுதோறும் 5 லட்சம் சாவுகள். இத்தனை பேருக்கும் இருந்த மருத்துவமனைப் படுக்கைகள் சுமார் ஆறாயிரம். காசநோய்க்கு மருந்தாக ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் அதை வாங்கக் கையில் பணம் இல்லை. சானடோரியம் கட்டி, படுக்கை போட்டு, நல்ல சாப்பாடு கொடுத்து நோயைத் தணிப்பது பணக்கார நாடுகளின் வழி. ஒரு ஊசி, அதுவும் மலிவான ஊசி, நோயை வரவிடாமல் தடுக்கும் என்றால் எந்த சுகாதார அமைச்சருக்குத்தான் ஆசை வராது? அம்ரித் கவுரின் அவசரத்தில் கபடம் எதுவும் இல்லை.

1948இல் சென்னை கிண்டியில், கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கியது. அதே ஆண்டு மதனப்பள்ளியில் முதல் ஊசிகள் போடப்பட்டன. ஐரோப்பாவில் போருக்குப் பிறகு ஸ்கேண்டிநேவிய நாடுகளும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்திய பெரும் இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது. 1951 முதல் அது நாடு தழுவிய திட்டமானது. முதலில் தோலில் டியூபர்குலின் சோதனை; சில நாள் கழித்து வந்து பார்த்து, கிருமி ஏற்கெனவே தொற்றாதவர்களுக்கு மட்டும் ஊசி. பள்ளிக்கூடங்கள்தாம் வசதியான இடம். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் வகுப்பறையில் வரிசையில் நிற்கும் எட்டு வயதுப் பையனுக்கு விருப்பம், மறுப்பு என்பதெல்லாம் ஏது?

சென்னையில் முதல் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் ராஜாஜி அல்லர். ஏ.வி. ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர், 'பீப்பிள்ஸ் ஹெல்த்' என்ற இதழின் ஆசிரியர், 1940களின் இறுதியிலேயே போர்க்கொடி உயர்த்திவிட்டார். அவருடைய தொழில் குடிநீரும் சாக்கடையும். காசநோய் நெரிசலிலும் பட்டினியிலும் வளர்வது. வீட்டையும் வயிற்றையும் கவனிக்காமல் ஊசியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே என்பது அவருடைய ஆத்திரம். இந்தியக் குழந்தைகளைச் சோதனை எலிகளாக்குகிறார்கள் என்றும் அவர் எழுதினார். இதில் தேசியமும் இருந்தது, மேனாட்டு மருத்துவத்தின் மீதான ஐயமும் இருந்தது, அம்மைத் தடுப்பூசியை ஏற்காத காந்தியின் நிழலும் ஓரளவு இருந்தது. அதிகாரிகள் அவரைக் கிறுக்கர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அன்று எதிர்த்தவர்கள் சொன்னவற்றில் பல தவறு. பி.சி.ஜி. காசநோயை உண்டாக்கும் என்ற அச்சம் ஆதாரமற்றது. எதிர்ப்புச் சக்தி மிகமிகக் குன்றிய சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கிருமியால் ஆபத்தில்லை என்பது இன்றுவரை கோடிக்கணக்கான ஊசிகளில் மெய்யாகியிருக்கிறது. ஆனால் பலனைப் பற்றி ஆதரவாளர்களிடம் 1955இல் என்ன இருந்தது? அமெரிக்கச் செவ்விந்தியரிடையே 1930களில் நடந்த ஓர் ஆய்வு 80 விழுக்காடு அளவுக்குப் பாதுகாப்பைக் காட்டியது. ஆஸ்லோ நகரச் செவிலியரிடம் கிடைத்த அனுபவம் இருந்தது. மறுபுறம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் தொடங்கியிருந்த ஆய்வு பின்னர் 14 விழுக்காடுதான் காட்டியது. பிரிட்டன் 1950இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களைக் கொண்டு முறையான ஒப்பீட்டு ஆய்வைத் தொடங்கியது. அதன் முதல் அறிக்கை, ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு என்ற செய்தியுடன், ராஜாஜியின் சிறுநூலுக்கு மறு ஆண்டுதான், 1956இல்தான் வந்தது. ஆக, இந்தியச் சூழலில் பலன் உண்டு என்று அறுதியிட்டுச் சொல்லும் சான்று அன்று எவர் கையிலும் இல்லை. மதனப்பள்ளியில் டென்மார்க் மருத்துவர் ஃபிரிமோட் மோலர் 1950இல் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். அது முடிவதற்குக் காத்திருக்க யாரும் தயாராக இல்லை.

இந்த இடத்தில் இதே சென்னையில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது அதன் முன்னிருந்த கேள்வி. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை தந்து ஒப்பிட்டார்கள். குடிசையில் இருந்தவரும் சானடோரியத்தில் நல்ல உணவு உண்டவரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூட வைத்தது. முதலில் சோதனை, பிறகு கொள்கை. பி.சி.ஜி.க்கு இந்த வரிசை தலைகீழாக நடந்தது. முறை தெரியாமல் நடந்ததன்று என்பதற்குச் சேத்துப்பட்டே சாட்சி.

1960களின் நடுவில் உலக நாடுகளின் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. பிரிட்டனில் அருமையான பலன், அமெரிக்காவின் தென்பகுதியில் ஏதுமில்லை என்று சொல்லுமளவு குறைவு, மதனப்பள்ளியில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. ஊசி மருந்தின் ரகம் காரணமா, அளவு காரணமா, ஊரின் மண்ணும் நீரும் காரணமா? இதைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார அமைப்பு, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து, அதுவரை யாரும் செய்திராத அளவில் ஓர் ஆய்வைத் திட்டமிட்டன. இடம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூரைச் சுற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள், மொத்த மக்கள் 3,60,000. காசநோய் மிகுந்த பகுதி, சென்னைக்கு அருகில் இருப்பது. தொழுநோயும் பரவலாக இருந்ததால் பி.சி.ஜி. அதைத் தடுக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க முடியும்.

1968 முதல் 1971 வரை ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். அக்காலத்தில் மிக வீரியமானவை எனப் பெயர்பெற்ற இரண்டு ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஒன்று டென்மார்க்குடையது, மற்றது பாரிசினுடையது. ஒவ்வொன்றிலும் முழு அளவு, பத்தில் ஒரு பங்கு அளவு என்று இரு வகை. மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது குறியீட்டு எண்களில் மறைந்திருந்தது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியவர் வரை எல்லாரும் இதில் அடக்கம். தோல் சோதனை, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகத் திரும்பி வந்து, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி மறுபடியும் எடுத்தார்கள். இடையில் இருமல் கண்டவர்களிடம் தனியாகச் சளி வாங்கினார்கள். களை பறிக்கப் போனவரையும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவரையும் காத்திருந்து பிடித்து எக்ஸ்ரே முன் நிறுத்துவது என்பது, ஆய்வு அறிக்கையில் ஒற்றை வரியில் அடங்கிவிடும். அதன் பின்னால் இருக்கும் களப்பணியாளர்களின் உழைப்பு நம் மருத்துவ வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை.

ஏழரை ஆண்டுக் கணக்கு முடிந்து 1979இல் முதல் அறிக்கை வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் இடையே, நுரையீரல் காசநோய் வந்ததில் வேறுபாடு எதுவும் இல்லை. முழு அளவானாலும் சிற்றளவானாலும், டென்மார்க் ரகமானாலும் பாரிஸ் ரகமானாலும் அதே கதை. தொடக்க ஆண்டுகளில் பி.சி.ஜி. பெற்றவர்களிடம் நோய் சற்றுக் கூடுதலாகவே தென்பட்டது. உலகத்தின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு, பாதுகாப்பு சுழியம் என்று சொன்னது.

அதிர்ச்சியில் பலரும் முதலில் ஆய்வைச் சந்தேகித்தார்கள். மருந்து வெயிலில் கெட்டிருக்குமோ, பட்டியல் குழம்பியிருக்குமோ என்றெல்லாம் துருவினார்கள். உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழுக்கள் 1980இல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, ஆய்வு முறையாகவே நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டன. 15 ஆண்டுக் கணக்கு 1999இல் வந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளிடம் 27 விழுக்காடு, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று புள்ளியியல் சந்தேகப்படும் அளவில்.

ஏன் இப்படி? இன்றும் பலராலும் ஏற்கப்படும் விளக்கம் செங்கல்பட்டு மண்ணிலேயே இருக்கிறது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமிகள் வெப்ப நாடுகளின் மண்ணிலும் குளத்து நீரிலும் ஏராளம். அவற்றில் ஒன்றுக்கான தோல் சோதனையில், ஆய்வுப் பகுதியின் பிள்ளைகள் பத்துப் பதினைந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருமே தொடர்பு கொண்டவர்களாகத் தெரிந்தார்கள். பி.சி.ஜி. கற்றுத்தர வேண்டிய பாடத்தில் உடம்பால் ஏற்க முடிந்ததை இந்தக் கிருமிகள் முன்பே கற்றுத்தந்துவிட்டன. ஊசிக்குக் கூடுதலாகச் சேர்க்க இடம் இல்லாமல் போயிற்று. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக பி.சி.ஜி.யின் பலன் கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதோடு பொருந்துகிறது. பிரிட்டன் பையனின் உடம்பில் வேலை செய்த மருந்து திருவள்ளூர்ப் பையனின் உடம்பில் வேலை செய்யாமல் போகலாம். மேலைநாட்டில் சோதித்தாயிற்று, இங்கே எதற்கு மறுபடியும் என்று கேட்கும் அதிகாரிகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு இன்றும் நம் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு பி.சி.ஜி. போடுகிறோம். அது தவறில்லை. செங்கல்பட்டு ஆய்வு அளந்தது பெரும்பாலும் வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை. பச்சைக் குழந்தையின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடம்பெங்கும் பரவும் காசநோயையும் அளப்பதற்கு அது அமைக்கப்படவில்லை. அந்த இரண்டையும் பி.சி.ஜி. நன்றாகவே தடுக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. மூளை உறைக் காசநோய்க்கு எதிராக 70, 80 விழுக்காடு வரை. அதனால்தான் 1980இல் வல்லுநர்கள் செங்கல்பட்டு முடிவை ஏற்றபடியே, குழந்தைகளுக்கு ஊசியைத் தொடரச் சொன்னார்கள். ஆனால் நோயைப் பரப்புகிறவர்கள் இருமும் பெரியவர்கள். அவர்களை இந்த ஊசி காக்காததால் நாட்டில் காசநோய்ப் பரவலை அது குறைக்கவில்லை. 1948இல் சொல்லப்பட்ட வாக்குறுதி அதுவல்லவா? இலக்கு எப்போது சுருங்கியது என்று மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஊசி அப்படியே நின்றது. அதற்கான காரணம் மட்டும் மாறிக்கொண்டது.

அப்படியானால் ராஜாஜி சொன்னது சரியா? பாதுகாப்பில் அவர் தவறு. அவர் அஞ்சிய ஆபத்து நேரவில்லை. லூபெக்கைக் காட்டிப் பெற்றோரை மிரட்டியது நியாயமும் இல்லை. அவர் பேச்சைக் கேட்டுக் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்றவர்களில் யாரோ சிலருடைய குழந்தைகள் மூளை உறைக் காசநோய்க்கு ஆளாகியிருக்கவும் கூடும். சான்று கேட்டதில் அவர் சரி, சம்மதம் கேட்டதில் அதைவிடச் சரி. அரசு அவரைத் தோற்கடிக்க முனைவதற்கு முன்பே, செங்கல்பட்டு போன்ற ஓர் ஆய்வை 1950இலேயே தொடங்கியிருக்கலாம். பிரிட்டன் அதே ஆண்டு தொடங்கியதே. விவாதத்துக்கு அஞ்சிய அரசு, விவாதத்தை முடித்துவைக்கும் ஆய்வைத் தள்ளிப்போட்டது. அதற்குள் பல கோடிப் பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது.

அறம் சார்ந்த ஒரு கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. செங்கல்பட்டில் 2,60,000 பேர் கையை நீட்டியபோது, மூன்றில் ஒருவருக்கு வெற்று ஊசி என்பது அவர்களுக்கு எந்த அளவுக்கு விளங்கியிருக்கும்? மனிதரைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சிக்கான முதல் அறநெறிக் கொள்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்டதே 1980இல்தான். ஊசி போட்டு முடித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. இதற்காக அந்த ஆய்வாளர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காலத்து வழக்கம் அது. ஆனால் அதே தவறு பிறகும் நடந்ததை மன்னிக்க முடியாது.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 10 முதல் 14 வயதுச் சிறுமியர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் பலர் பழங்குடிச் சிறுமியர், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் இட வேண்டிய கையொப்பத்தை விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். ஏழு சிறுமியர் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அரசின் விசாரணைக் குழு கண்டது. ஆனாலும் சம்மதம் பெற்ற முறையையும் பாதிப்புகளைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லாததையும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகச் சாடியது. எச்.பி.வி. நல்ல ஊசி, உலகம் முழுவதும் அதன் பலன் நிரூபணமாகியிருக்கிறது. ஒரு காப்பாளரின் கையொப்பம் அந்த நல்ல ஊசியைப் பல ஆண்டுகள் நம் பெண்பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைத்துவிட்டது. எதிர்ப்பாளர்களால் செய்ய முடியாததை நடத்தியவர்களின் அலட்சியம் செய்தது.

கொரோனாக் காலத்தில் கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3ஆம் தேதி அனுமதி தந்தார்கள். மூன்றாம் கட்ட ஆய்வின் பலன் கணக்கு அப்போது வந்திருக்கவில்லை. 'ஆய்வு முறையில்' என்றொரு விசித்திரமான நிபந்தனையைச் சேர்த்தார்கள்; பொதுமக்களுக்குப் போடும் ஊசி எப்படி ஆய்வாகும் என்று கேட்டவர்களுக்குத் தேசப்பற்று போதாது என்று சொல்லப்பட்டது. பிறகு 25,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வின் முடிவு 77.8 விழுக்காடு பலனைக் காட்டியது. முடிவு நல்லபடியாக வந்ததால் முறை சரியாகிவிடாது. செங்கல்பட்டில் எல்லாரும் நல்ல முடிவைத்தான் எதிர்பார்த்தார்கள்.

கோவாக்சின் அனுமதிக்குச் சில வாரங்கள் முன்பு, 2020 நவம்பரில், சென்னையில் இன்னொரு கொரோனாத் தடுப்பூசி ஆய்வில் பங்கேற்ற தன்னார்வலர் ஒருவர், தனக்கு நரம்பியல் பாதிப்பு வந்ததாகக் கூறி ரூ.5 கோடி இழப்பீடு கேட்டார். தயாரிப்பு நிறுவனம் அதை மறுத்து, அவர் மீது ரூ.100 கோடிக்கும் மேல் வழக்குப் போடப் போவதாக அறிவித்தது. பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆய்வுக்குக் கை நீட்டியவர் புகார் சொன்னால் நூறு கோடி என்று மிரட்டுவது, அடுத்த ஆய்வுக்கு ஆள் வராமல் செய்யும் நேர்வழி.

இப்போது காசநோய்த் தடுப்பூசிக்கு மறுபடியும் காலம் வந்திருக்கிறது. எம்72 என்ற புதிய ஊசி, நுரையீரல் காசநோயைப் பெரியவர்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததை ஆப்பிரிக்காவில் நடந்த நடுத்தர அளவு ஆய்வு காட்டியது. அதன் பெரிய ஆய்வு 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது. இந்தியாவில் அதே ஆண்டு, காசநோய் வரும் வாய்ப்பு மிகுந்த பெரியவர்களுக்குப் பழைய பி.சி.ஜி.யையே மறுபடி போட்டுப் பார்க்கும் பணியை மத்திய அரசு பல மாநிலங்களில் தொடங்கியது. ஊசி போடும் மாவட்டங்களையும் போடாத மாவட்டங்களையும் ஒப்பிடுவதுதான் அதன் முறை. செங்கல்பட்டின் கடுமையான முறையோடு பார்த்தால் இது ஒரு படி கீழே. மாவட்டத்துக்கு மாவட்டம் சத்துணவும் வீட்டு நெரிசலும் பரிசோதனை வசதியும் மாறுபடும்போது, வேறுபாட்டுக்கு ஊசிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மேஜர் கிரீன்வுட் 1928இல் கேட்டது இதைத்தான்.

இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள உங்கள் வீட்டுக்கு வந்து யாராவது அழைத்தால் பயப்பட வேண்டியதில்லை, பி.சி.ஜி. ஆபத்தானதன்று. ஆனால் கையெழுத்துக் கேட்கும் தாளை வாங்கித் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாநிலத்திலேயே இரண்டரை லட்சம் பேரிடம் சோதித்தபோது பெரியவர்களுக்கு இதனால் பலன் கிடைக்கவில்லை என்ற செய்தி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று வந்தவரிடம் கேளுங்கள்.